இருவருக்கு விரித்த படுக்கை

ராசிபுரம்,
20.4.2025, ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

கமலவேணி வணக்கத்துடன் எழுதுவது. நானும் தமிழினியும் இங்கே சௌக்கியமாக இருக்கிறோம். உங்கள் உடம்பு எப்படி என்று போனில் கேட்டால் 'நல்லாருக்கேன்' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வருவதில்லை. அதற்குள் கம்ப்ரசர் சத்தம் வந்து மீதியைத் தின்றுவிடுகிறது. அந்தக் காட்டில் டவர் ஒரு நாள் இருந்தால் ஆறு நாள் இல்லை. அதனால்தான் காகிதமும் பேனாவும் எடுத்தேன். திருச்செங்கோட்டு ஆபீசிலிருந்து உங்கள் போர்வெல் ரிக்குக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு சத்தீஸ்கர் வரும் லாரியில் கொடுத்துவிடுவதாக உங்கள் சித்தப்பா மகன் பச்சமுத்து சொல்லியிருக்கிறார். கொழுந்தனாருக்கு இருக்கும் அக்கறையில் பாதி உங்களுக்கு இருந்தால் நான் இப்படி லாரி டிரைவரை நம்பிக் குடும்பம் நடத்த வேண்டியதில்லை. சிரிப்பதற்குத்தான் எழுதினேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சௌந்திரம் ஹோட்டல்ஸ் பாண்டிச்சேரியில் கடலோரமாக ஐந்தாவது ஓட்டலைக் கட்டிக்கொண்டிருக்கிறது. நூற்று இருபது அறை, ஆவணியில் திறப்பு. அங்கே ஹவுஸ்கீப்பிங் முழுவதையும் பார்த்துக்கொள்ள என்னை அனுப்பலாம் என்று எங்கள் ஜெனரல் மேனேஜர் ஸ்ரீதேவி மேடம் சொல்லியிருக்கிறார். சூப்பர்வைசராக இல்லை, தலைமைப் பொறுப்பில். எனக்குக் கீழே அறுபது பேர். 'பத்தாவது பாஸ் பண்ணுனவளுங்க நான், மேடம்' என்றேன். 'அது எனக்குத் தெரியாதா?' என்று கேட்டுவிட்டு அவர் வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

நான் இந்த வேலையில் சேர்ந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? தமிழினிக்கு ஒரு வயது. 'ஊட்டுப் பொம்பளைய லாட்ஜ் வேலைக்கு அனுப்பறதா' என்று நீங்கள் மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தீர்கள். நாலாம் நாள் நீங்களே வண்டியில் உட்காரவைத்து சேலம் வரை கூட்டிக்கொண்டுபோய், ஓட்டல் கேட்டில் நின்று வாட்ச்மேனிடம் நூறு கேள்வி கேட்டீர்கள். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் 'இது லாட்ஜ் இல்ல போலிருக்குது' என்று முகம் தெளிந்தது. அன்றைக்கு நீங்கள் என்னை விட்டுவிட்டுப் போன தைரியத்தில்தான் இந்தப் பதினொரு வருடம் ஓடியிருக்கிறது. அதை நான் ஒருபோதும் மறக்கவில்லை.

எங்கள் பெரிய முதலாளி சின்னுசாமி ஐயா லாரி ஓட்டியவர் என்று உங்களுக்குத் தெரியும். வடக்கே போன இடமெல்லாம் வண்டிக்கு அடியில் படுத்துத் தூங்கியவர், சேலத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருபது அறையோடு ஒரு விடுதி கட்டினார். அம்மா பெயரை வைத்தார். அவர் மகன் தனபால் சார் படித்துவிட்டு வந்துதான் பெங்களூர் ரோட்டில் இந்தப் பெரிய ஓட்டலைக் கட்டினது. அப்புறம் ஏற்காட்டில் ஒன்று, கோயம்புத்தூரில் ஒன்று. ஒரு ராத்திரிக்கு எங்கள் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்துத் தங்குகிறவர்கள் வருகிறார்கள். அப்படி என்னதான் இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் பயிற்சியில் முதல் நாளே சொல்லிவிடுவார்கள்: விருந்தாளி வாயைத் திறந்து கேட்பதற்கு முன்னால் அவருக்கு வேண்டியது அங்கே இருக்க வேண்டும். ஒருவர் தலையணையை இரண்டாக மடித்து வைத்துத் தூங்கியிருந்தால், அறையைச் சுத்தம் செய்கிறவள் அதைக் குறித்துவைப்பாள். மறுநாள் உயரமான தலையணை வந்திருக்கும். அடுத்த வருடம் அவர் கோயம்புத்தூரில் தங்கினாலும் அங்கேயும் இருக்கும். இதுதான் வித்தை, வேறொன்றும் இல்லை.

எனக்குப் பேர் வந்ததும் அப்படித்தான். மும்பையிலிருந்து ஒரு கம்பெனி படுக்கை விரிப்பு கொண்டுவந்து காட்டியது. எல்லோரும் தடவிப் பார்த்து ஆஹா என்றார்கள். நான் தறிக்காரன் மகள் இல்லையா, இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, முப்பது சலவைக்குமேல் இது பொரிப்பொரியாக எழும்பிவிடும் என்று சொல்லிவிட்டேன். ஸ்ரீதேவி மேடம் சலவைக்கூடத்தில் போட்டுச் சோதித்தார். இருபத்தெட்டாவது சலவையிலேயே எழும்பிவிட்டது. இப்போது எல்லா ஓட்டலுக்கும் குமாரபாளையத்தில்தான் விரிப்பு நெய்கிறார்கள். நூலை நான் போய்ப் பார்த்து வருகிறேன்.

பாண்டிச்சேரியில் குடும்பத்தோடு தங்க வீடு தருவார்களாம். தமிழினிக்குப் பள்ளிக்கூடமும் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் போவதென்றால் ராசிபுரம் வீட்டைப் பூட்டவேண்டும். உங்கள் அப்பா கட்டிய வீட்டைப் பூட்ட நான் மட்டும் முடிவு செய்ய முடியாது. அது சரியும் இல்லை. நீங்கள் வந்து ஒரு வார்த்தை சொல்லவேண்டும்.

போன மழைக்கு வேலை நின்று ரிக் ஆட்கள் எல்லோரும் ஊர் திரும்பினார்கள், நீங்கள் மட்டும் வண்டிக்குக் காவலாக அங்கேயே தங்கிவிட்டீர்கள் என்று கொழுந்தனார் சொன்னார். நான் ஒன்றும் கேட்கவில்லை. தமிழினிதான் கேட்கிறாள். பன்னிரண்டு வயதாகிறது, என் செருப்பு அவளுக்குச் சரியாக இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடுங்கள். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வேலை பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கமலவேணி

*

ராசிபுரம்,
18.5.2025, ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

போன கடிதம் கிடைத்தது என்று போனில் சொன்னீர்கள். பாண்டிச்சேரிக்கு 'உன் இஷ்டம்' என்றீர்கள். என் இஷ்டம் என்றால் நான் எதற்கு அவ்வளவு நீளம் எழுதினேன்? சரி, அதை விடுங்கள். இப்போது இஷ்டப்பட்டாலும் போக முடியுமா என்று தெரியவில்லை. நான் ஒரு பெரிய தப்பு செய்துவிட்டேன். நாலு நாளாக வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கிறேன். வரச்சொல்லும்போது வந்தால் போதும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வேறு யார் வாய் வழியாகவும் இது உங்கள் காதுக்கு வரக்கூடாது, நானே சொல்லவேண்டும் என்று எழுதுகிறேன்.

இந்த மாதம் ஒன்பதாம் தேதி 412-ஆம் அறைக்கு ஒரு அம்மா வந்து தங்கினார். அறுபத்தெட்டு வயது. சொந்த ஊர் திருச்செங்கோடு பக்கம், நாற்பது வருடமாக ஆஸ்திரேலியா. ஒரே ஆளாக வந்திருந்தார். மகன் அமெரிக்காவிலிருந்து வருகிறார், அதுவரை தங்குவேன் என்று சொல்லியிருந்தார். யாரோடும் அதிகம் பேசமாட்டார். அறையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் சுத்தம் செய்தால் போதும் என்றார்.

செவ்வாய்க்கிழமை காலையில் ராசம்மாள் என்னைத் தேடி ஓடிவந்தாள். என்னோடு நான்காம் மாடியில் வேலை பார்க்கிறவள், முன்னே ஆத்தூரில் ஜவ்வரிசி ஆலையில் இருந்தவள், லேசில் பயப்படுகிற ஆள் இல்லை. 'ஏனுங்க அக்கா, நானூத்திப் பன்னெண்டுக்குள்ள நான் போகமாட்டனுங்க. அந்தம்மாகூட இன்னொருத்தர் இருக்கறாருங்க' என்றாள். பதிவில் ஒருவர்தானே என்று நான் போய்ப் பார்த்தேன். அந்த அம்மா வெளியே போயிருந்தார்.

பெரிய கட்டில். ஒரு பக்கம் படுத்து எழுந்த சுருக்கம் இருந்தது. இன்னொரு பக்கம் போர்வையை மார்பு வரை இழுத்துவிட்டது மாதிரி மடித்திருந்தது. அந்தப் பக்கத் தலையணையில் சாம்பல் நிறத்தில் ஒரு உலோகச் செம்பு, மூடி இறுக்கி முத்திரை போட்டது. மேலே ஒரு ஆணின் பெயர், இரண்டு தேதி. பக்கத்தில் மடித்து வைத்த மூக்குக்கண்ணாடி, இழுப்புக்காரர்கள் வாயில் வைத்து உறிஞ்சுகிற மருந்து.

தேதிகளைப் படித்ததும் புரிந்தது. அஸ்தி. நம் பக்கத்தில் யாராவது அஸ்தியை வீட்டுக்குள் கொண்டுவருவோமா? கரைக்கப் போகும்வரை வெளியே மரத்தில் கட்டித்தானே வைப்போம். பாவம், நாற்பது வருடம் வெளிநாட்டில் இருந்தவருக்கு இதையெல்லாம் சொல்ல ஆள் இல்லை, தெரியாமல் செய்கிறார் என்று நினைத்தேன். ராசம்மாள் மட்டும் இல்லை, விஷயம் பரவினால் மாடியில் ஒருத்தியும் வேலை செய்யமாட்டாள். கேட்பதற்கு முன்னால் செய் என்றுதானே எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்? செய்தேன். புதுத் துணி ஒன்று எடுத்துச் செம்பை முடிந்து, பின்பக்கம் சலவைக்கூடத்தை ஒட்டி நிற்கும் புங்கமரத்தில் கட்டி, அடியில் ஒரு விளக்கும் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு வந்தேன். எவ்வளவு நல்ல காரியம் செய்தோம் என்று மனதுக்குள் ஒரு திருப்தி வேறு.

கடிதம் எழுதிவைக்கிற விஷயம் இல்லை, நேரில் பக்குவமாகச் சொல்லலாம் என்று இருந்தேன். முன் மேஜையில் அன்பு என்று ஒருவர் இருக்கிறார். அந்த அம்மா வந்ததும் என்னைக் கூப்பிடுங்கள் என்று அவரிடம் சொல்லிவைத்தேன். மூன்று மணிக்கு அவர் ஷிஃப்ட் முடிந்து, அடுத்த ஆளிடம் சொல்ல மறந்து போய்விட்டார். அவரைக் குறை சொல்லமாட்டேன். நான் அந்த நேரத்தில் போனை அணைத்துவிட்டு, தனபால் சார் முன்னால் உட்கார்ந்து பாண்டிச்சேரிக்கு எத்தனை செட் விரிப்பு வேண்டும் என்று கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அறைக்கு மூன்று செட்: ஒன்று கட்டிலில், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில். நான் சொன்னதையெல்லாம் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். மூன்றரைக்கு மழை பிடித்துக்கொண்டது. கோடை மழை, உங்களுக்குத் தெரியாததா, கொட்டிவிட்டுத்தான் நின்றது.

நாலு மணிக்கு 412 அம்மா திரும்பி வந்திருக்கிறார். நான் வெளியே வந்தபோது ஓட்டலே தலைகீழாகக் கிடந்தது. செக்யூரிட்டி ஒரு பக்கம் ஓடுகிறார், கேமரா பார்க்கிறார்கள். அந்த அம்மா நான்காம் மாடி வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தார். நான் கைகூப்பி, விஷயத்தைச் சொல்லி, மரத்தடிக்கு அழைத்துப்போனேன். துணி நனைந்து கனத்துத் தொங்கியது. விளக்கு எப்போதோ அணைந்திருந்தது. செம்பு சீல் வைத்ததுதான், உள்ளே ஒரு சொட்டுப் போயிருக்காது. ஆனால் அவர் அதை வாங்கி முந்தானையால் துடைத்துத் துடைத்து, என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: 'இவருக்கு மழையில நனைஞ்சா ஆகாதுங்க. மூச்சு இழுக்க ஆரம்பிச்சுரும்.'

அவ்வளவுதான் சொன்னார். திட்டவில்லை, கத்தவில்லை. திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன், மாமா. 'ங்க' போட்டு மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனது நெஞ்சில் முள்ளாக நிற்கிறது.

விருந்தாளியின் பொருளைத் தொட்டு இடம் மாற்றினால் வேலை போகும். எங்கள் கம்பெனியில் முதல் விதியே அதுதான். தனபால் சாருக்கு வந்த கோபத்தில் முகம் கறுத்துவிட்டது. 'பாண்டிச்சேரியை உங்க கையில குடுக்கலாம்னு இருந்தேன்' என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்விட்டார். ஸ்ரீதேவி மேடம் மட்டும் என்னை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, ஏன் இப்படிச் செய்தீர்கள், உங்களுக்கு விதி தெரியாதா என்று கேட்டார்.

நான் அவரிடம் போன வருடம் தையில் உங்கள் அப்பா இறந்ததைச் சொன்னேன். இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். ஒளிக்க என்ன இருக்கிறது? குழியில் துளை போடும் ஹேமர் மாட்டிக்கொண்டது, எடுத்துவிட்டு உடனே கிளம்புகிறேன் என்றீர்கள். கொழுந்தனார் கொள்ளி வைத்தார். நீங்கள் வந்து கரைக்கவேண்டும் என்று அஸ்தியை நம் வாசல் வேப்பமரத்தில் கட்டி வைத்தோம். பதினோரு நாள். காலையில் கோலம் போடும்போது பார்ப்பேன், வேலை முடிந்து வரும்போது பார்ப்பேன். கருமாதி அன்று நீங்கள் வரவில்லை என்று தெரிந்தபிறகு கொழுந்தனாரே பவானிக்கு எடுத்துப்போனார். அதற்குப் பிறகு எனக்கு அஸ்தி என்றால் மரம்தான், வேறு எதுவும் தோன்றுவதில்லை. உங்களைக் குத்திக்காட்ட எழுதவில்லை. மேடம் கேட்டார், சொன்னேன், அதை உங்களிடமும் சொல்கிறேன். அவ்வளவுதான்.

மேடம் என் கையிலிருந்த தம்ளரை வாங்கி வைத்தார். பிறகு, முடிவு சார் கையில் இருக்கிறது, ஆனால் கேட்பதற்கு முன்னால் செய் என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது நான், உங்களை அனுப்புவதென்றால் என்னையும் அனுப்பட்டும் என்று சொன்னார். எனக்காக இப்படிச் சொல்ல ஒரு ஆள் இருக்கிறார் என்பதே இப்போதைக்குப் போதும். இருந்தாலும் பயமாக இருக்கிறது. இந்த வேலை சம்பளம் மட்டும் இல்லை எனக்கு. அந்தச் சீருடையைப் போட்டால் நான் யார் என்று எனக்கே தெரிகிறது.

தமிழினியிடம் லீவு என்று சொல்லியிருக்கிறேன். நம்பாத முகத்தோடு எனக்குக் காபி போட்டுத் தருகிறாள்.

கடவுளை வேண்டிக்கொள்ளுங்கள்.

கமலவேணி

*

ராசிபுரம்,
25.5.2025, ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

நல்ல சேதி முதலில். வேலை போகவில்லை. பாண்டிச்சேரியும் கைவிட்டுப் போகவில்லை. படித்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளுங்கள், மீதியை மெதுவாகச் சொல்கிறேன். இந்த ஒரு வாரத்தில் எனக்கு உதவியவர்களை நினைத்தால் யாரை முதலில் கும்பிடுவது என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை காலையில் ஓட்டலிலிருந்து கூப்பிட்டார்கள். 412 அம்மா என்னைப் பார்க்கவேண்டும் என்கிறாராம். சீருடை போடலாமா, புடவையிலேயே போகலாமா என்று அரை மணி நேரம் குழம்பினேன். கடைசியில் புடவையில் போனேன். காலில் விழுந்துவிடுவது என்று முடிவு செய்துதான் உள்ளே நுழைந்தேன். அவர் விடவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். ஸ்ரீதேவி மேடம் உங்கள் அப்பா விஷயத்தை அவரிடம் சொல்லியிருக்கிறார் போல. நான் வாயைத் திறப்பதற்குள், 'உங்க மாமனார் எத்தனை நாள் மரத்துல இருந்தாருங்க?' என்று கேட்டார். பதினோரு நாள் என்றேன். 'மகன் வந்தாருங்களா?' என்றார். இல்லை என்றேன்.

பிறகு அவர் கதையைச் சொன்னார். அவர் முதலில் ஓட்டலுக்கு வரவில்லை. திருச்செங்கோட்டில் வீட்டுக்காரருடைய தம்பி வீட்டுக்குத்தான் போயிருக்கிறார். அவர்கள் வாசலிலேயே நிறுத்தி, உள்ளே கொண்டுவரக்கூடாது, தோட்டத்துத் தென்னமரத்தில் கட்டிவிட்டு நீங்கள் மட்டும் வாருங்கள் என்றார்களாம். தப்பாகச் சொல்லவில்லை, ஊர் வழக்கம் அதுதானே. 'நாப்பத்திரெண்டு வருசம் என் பக்கத்துல படுத்தவருங்க. அவரை வெளிய கட்டிப்போட்டுட்டு நான் உள்ள போய்த் தூங்கறதாங்க? அதனாலதான் இங்க வந்தேன். காசு குடுத்துத் தங்குற எடத்துல யாரும் ஒண்ணுங் கேக்கமாட்டாங்கன்னு நெனச்சேன்' என்றார்.

நான் என்ன செய்திருக்கிறேன், பாருங்கள். எந்த மரத்துக்குப் பயந்து அவர் ஓடிவந்தாரோ, அதையே தேடிப்பிடித்துக் கட்டிவிட்டேன். பதினொரு வருடம் அறை அறையாகச் சுத்தம் செய்தும், பூட்டிய கதவுக்கு உள்ளே அது அவர்கள் வீடு என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டு, 'இந்தக் கட்டிலை விரிச்சுவிடுங்க. ரெண்டு பேருக்கு விரிங்க' என்றார்.

புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு விரித்தேன். குமாரபாளையத்து விரிப்பு, நான் நூல் பார்த்தது. நாலு மூலையும் இழுத்து மடித்து, இரண்டு பக்கமும் போர்வையை ஒரே அளவில் திருப்பிவிட்டு, வீட்டுக்காரர் பக்கம் உயரத் தலையணை போட்டேன். அதுவரை ஆயிரம் படுக்கை விரித்திருப்பேன். இவ்வளவு கவனமாக ஒன்றும் விரித்ததில்லை. செம்பை நான் தொடவில்லை. அவரே எடுத்து வைத்தார்.

அந்த அம்மாவின் மகனுக்கு மறுபடியும் லீவு கிடைக்கவில்லை. இனிக் காத்திருக்க முடியாது, புதன்கிழமை பவானிக்குப் போகிறேன், நீங்கள் துணைக்கு வருவீர்களா என்று என்னையே கேட்டார். உடனே சரி என்றேன். மேடம் கம்பெனிக் காரைக் கொடுத்து, டூட்டியாகவே போய்வரச் சொன்னார். கூடுதுறையில், மகன் எங்கே என்று ஐயர் கேட்டார். நான்தான் செய்யப்போகிறேன் என்று அந்த அம்மா ஈரப்புடவையோடு தண்ணீரில் இறங்கிவிட்டார். நான் படியில் நின்று கையைப் பிடித்துக்கொண்டேன். அவரே முத்திரையை உடைத்து ஆற்றில் விட்டார். கரையேறியதும் வண்டியில் இருந்த துண்டுகளை எடுத்துப் போர்த்திவிட்டேன்.

அப்போது மகன் போனில் முகம் பார்த்துப் பேசினார். நாற்பது வயதுக்காரர், பச்சைக் குழந்தை மாதிரி தேம்பினார். அந்த அம்மா அவரிடம், 'அழுவாத சாமி. உங்கப்பாவுக்கு நான் பாத்துக்கிட்டேன். ஆனா இதுக்கு வரமுடியலையேன்னு வெக்கப்பட்டுக்கிட்டு என்னையப் பாக்க வராம இருந்துராத. எனக்கு அதுதான் பயம்' என்று சொன்னார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, மாமா. நான் பதினாறு மாதமாக யோசித்துக் கண்டுபிடிக்காததை அவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார். நீங்கள் போன மழைக்கு ஏன் வரவில்லை என்பது எனக்கு அந்தப் படிக்கட்டில்தான் விளங்கியது.

அந்த அம்மா வெள்ளிக்கிழமை விமானம் ஏறிவிட்டார். போகும்முன் தனபால் சாரைப் பார்த்துப் பேசியிருக்கிறார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. நேற்று சார் என்னை அழைத்தார். தப்பு தப்புதான் என்றார். பயிற்சிப் புத்தகத்தில் 'கேட்பதற்கு முன்னால் செய்' என்பதற்குக் கீழே, 'தொடுவதற்கு முன்னால் கேள்' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறாராம். 'பாண்டிச்சேரியில அந்த வகுப்பை நீங்களே எடுங்க. நடந்ததை நடந்தபடியே சொல்லுங்க, மறைக்க வேண்டாம்' என்றார். ஆறு மாதம் என்னைப் பார்ப்பார்களாம், சரியாக இருந்தால்தான் பதவி நிரந்தரம். அது நியாயம்தான். அறுபது பேர் முன்னால் என் தப்பைச் சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை. வெளியே வந்து ஸ்ரீதேவி மேடம் கையைப் பிடித்துக்கொண்டேன். ராசம்மாள் நானும் உங்களோடு வருகிறேன் என்று இப்போதே மூட்டை கட்டுகிறாள்.

இனி உங்களிடம் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. இதை எழுதத்தான் இந்தக் கடிதம். மற்றதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன்.

உங்கள் அப்பா இறந்த அன்று காலையில் நன்றாகத்தான் இருந்தார். கஞ்சி குடித்தார். மூச்சு வாங்குகிறதே, உங்கள் மகனுக்குப் போன் போடட்டுங்களா என்று கேட்டேன். குழியில் ஹேமர் மாட்டிக்கொண்டதை முந்தின நாள் நீங்கள் சொன்னது அவர் மனதில் இருந்தது. 'வேண்டாஞ் சாமி. அவன் வேலைய உட்டுட்டு எப்படி வருவான்? இருந்து முடிச்சுக் குடுக்கட்டும். நான் அவன்மேல ஒண்ணும் வருத்தப்பட மாட்டேன்னு சொல்லு. மழைக்கு வருவானல்ல, அப்ப வரட்டும்' என்றார். மத்தியானம் போய்விட்டார்.

சொல் என்று என்னிடம்தான் சொன்னார். நான் சொல்லவில்லை. அந்தப் பதினோரு நாளும் வாசலில் நின்று உங்கள் வழியைப் பார்த்துப் பார்த்து எனக்கு வந்த கோபத்தில், இதைக் கேட்டு நீங்கள் ஆறுதல் அடையக்கூடாது என்று வைத்துக்கொண்டேன். பிறகு நாளாக ஆக, இனி எப்படிச் சொல்வது என்று பயம் வந்துவிட்டது. அந்த அம்மா விஷயத்தில் தெரியாமல் தப்புச் செய்தேன். உங்கள் விஷயத்தில் தெரிந்தே செய்தேன். அவர்கள் என்னை மன்னித்துவிட்டார்கள். நீங்களும் மன்னிக்கவேண்டும். என் கோபம் முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று பொய் எழுதமாட்டேன். கொஞ்சம் இருக்கிறது. நேரில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் உங்கள் அப்பாவுக்கு உங்கள்மேல் ஒரு வருத்தமும் இல்லை. கடைசிவரை இல்லை. அவர் உங்களை மழைக்குத்தான் வரச்சொன்னார். போன மழை என்னால் போய்விட்டது. இந்த மழைக்கு வாருங்கள், மாமா.

உங்கள் மனைவி,
கமலவேணி